நம் வீட்டுப் பெண்களின் அன்றாடத் தட்டும், ஆண்டுக்கணக்கில் வளரும் நோய்களும்

நோயாளிகளை விசாரிக்கச் செல்வது நம் மார்க்கம் கற்றுத்தந்த நல்ல பழக்கங்களில் ஒன்று. தூத்துக்குடி, காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் என்று அப்படிச் செல்லும் வீடுகளில் சில ஆண்டுகளாக ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஃபிரிட்ஜின் கதவில், முட்டைக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவே இன்சுலின் குப்பி இருக்கிறது. யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலும் "உம்மாவுக்கு" என்றே பதில் வருகிறது. சில வீடுகளில் உம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என இரண்டு குப்பிகள்.

எப்படி வந்தது என்ற பேச்சு எழுந்தால் கல்யாண வீட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். "போன மாசம் ரெண்டு கல்யாணம் ஹஜ்ரத், நெய்ச்சோறும் களறிக் கறியும் சாப்பிட்டேன், அதான் சுகர் கூடிப்போச்சு" என்பார் அந்தத் தாய். அன்றைய அளவை விருந்து கூட்டியிருக்கும், உண்மைதான். ஆனால் நோயைக் கொண்டுவந்தது அந்த இரண்டு விருந்துகள் அல்ல. விருந்தே இல்லாத மற்ற நாட்களில், இருபது முப்பது ஆண்டுகளாக, காலையும் மதியமும் இரவும் அந்தத் தட்டில் என்ன இருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இது பற்றி மருத்துவ ஆய்வுகள் சொல்வதையும், அது நம் கடற்கரை வீடுகளுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். நாம் மருத்துவர் அல்ல. ஆகவே யாருடைய மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ நாம் சொல்லவில்லை. அது அவரவர் மருத்துவரின் பொறுப்பு.

செவிலியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது

சாப்பாட்டுக்கும் நாள்பட்ட நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. இன்று சாப்பிட்டது நாளைக்கே நோயாக வருவதில்லை. ஒரே மனிதர்களைப் பல்லாண்டுகள் விடாமல் கவனித்தால்தான் தெரியும். பெண்களை மட்டுமே கொண்டு அப்படி ஒரு பெரிய ஆய்வு 1976-ல் அமெரிக்காவில் தொடங்கியது. டாக்டர் ஃபிராங்க் ஸ்பீசர் தொடங்கிய அந்த ஆய்வில் 30 முதல் 55 வயது வரையுள்ள 1,21,700 செவிலியர்கள் சேர்ந்தார்கள். மருத்துவக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் எழுதத் தெரிந்தவர்கள் என்பதால் செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் கருத்தடை மாத்திரைகளின் விளைவை அறியத்தான் தொடங்கினார்கள். 1980 முதல் உணவுப் பழக்கம் பற்றிய கேள்விகளும் சேர்ந்தன. இளவயதுச் செவிலியர்களைக் கொண்ட இரண்டாவது குழு 1989-ல் தொடங்கியது.

இதிலிருந்து நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துள்ளன. நமக்கு முக்கியமானது 2001-ல் வெளியானது. நோயற்ற 84,941 பெண்களை 16 ஆண்டுகள் கவனித்ததில் 3,300 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உடல் எடை, உணவு முறை, உடலுழைப்பு, புகை, மது ஆகிய ஐந்தையும் வைத்துக் கணக்கிட்டபோது, வந்த நோயில் 91 விழுக்காடு இந்தப் பழக்கங்களோடு தொடர்புடையது, தவிர்த்திருக்கக் கூடியது என்று கண்டார்கள். "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுகர், எனக்கும் வரத்தான் செய்யும்" என்று நம் பெண்கள் சொல்வதை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். பரம்பரை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பரம்பரையில் வருபவர்கள் ஒரே அடுப்படியிலும் சாப்பிடுகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

(அந்த ஆய்வில் சிறிதளவு மதுவைப் பாதுகாப்பான பழக்கப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நம்மிடம் வாதாட வந்தவர்களும் உண்டு. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனமே 2023-ல் அறிவித்துவிட்டது.)

இந்த ஆய்வுகளில் தெரிந்த இன்னொரு உண்மை, ஒரு பொருளைத் தனியாக எடுத்து நல்லது கெட்டது என்று சொல்வதில் அதிகப் பயன் இல்லை என்பது. காய்கறி, பழம், பயறு, மீன், முழுத் தானியம் நிறைந்த சாப்பாட்டு முறையை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பெண்களுக்கு இதய நோயும் சர்க்கரையும் குறைவாக வந்தன. மாவுப் பண்டம், இனிப்பு, பொரித்தது, இறைச்சி என்று சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாக வந்தன. மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிட்டுவிட்டு, காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடிப்பதால் கணக்கு நேராகாது. கருஞ்சீரகத்துக்கும் இதே பதில்தான். அதன் சிறப்பு ஹதீஸில் வந்திருப்பதை நாம் நம்புகிறோம். ஆனால் நபிமருத்துவம் என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் பொடியை நம்பி, மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டுச் சிறுநீரகம் பழுதானவர்களை நமக்கே தெரியும்.

நம் மாநிலத்தின் நிலை

செவிலியர் ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனப் பெண்கள். நம்மைப் போல் அரிசியைப் பிரதானமாகச் சாப்பிடுபவர்கள் அல்லர். ஆகவே நம் நாட்டு எண்களையும் பார்ப்போம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். இந்திய அளவில் இது 24 விழுக்காடு. 15 வயதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தது, அல்லது அதற்கு மருந்து சாப்பிட்டு வந்தார். அதே ஆய்வில், பெண்களில் பாதிக்கு மேல் இரத்தச் சோகை. எடை கூடியிருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டும் உடலுக்குத் தேவையானது போய்ச் சேரவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

சென்னையின் டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழுவினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், அதன் வாசலில் 13 கோடியே 60 லட்சம் பேர் நிற்பதாகவும் அது சொன்னது.

அரிசி பற்றி 21 நாடுகளில் 1,32,373 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வந்தது. தெற்காசியாவில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் வெள்ளைச் சோறு சராசரியாக 630 கிராம். சீனாவில் 200 கிராம்தான். நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு உண்ட தெற்காசியர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு அதிகமாக இருந்தது.

நம் வீடுகளின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் இடியாப்பமோ ஆப்பமோ புட்டோ, மூன்றுமே அரிசி மாவு. மதியம் சோறு. அந்திக்குத் தேநீரோடு வாடா அல்லது பணியம். இரவில் இட்லி, தோசை. இல்லையென்றால் பரோட்டாப் பொட்டலம், அது மைதா. (பரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்று பெயர் வைத்த ஊர் தூத்துக்குடி. வெளியூர் மாப்பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள்.) பெயர் மாறுகிறது, வடிவம் மாறுகிறது, உள்ளே போவது ஒரே மாவுச்சத்து. தவிடு நீக்கித் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து மிகக் குறைவு. அது விரைவில் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. அதைச் சமாளிக்கக் கணையம் ஒவ்வொரு வேளையும் அதிக இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சியது வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பாகச் சேர்கிறது. அந்தக் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. கணையம் இன்னும் கூடுதலாக உழைத்து, பல ஆண்டுகளுக்குப் பின் ஓய்ந்துபோகிறது. நோய் என்று காகிதத்தில் வருவது அன்றைக்குத்தான். பத்து பதினைந்து ஆண்டுகளாக அது நடந்துகொண்டிருந்ததை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

நம் பாட்டிமார்களும் சோறுதானே சாப்பிட்டார்கள் என்று கேட்கலாம். சாப்பிட்டார்கள். ஆனால் வீட்டு உரலில் குத்திய அரிசியில் தவிடு ஒட்டியிருந்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காட்டிலிருந்து கம்பும் குதிரைவாலியும் சோளமும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நெல்லைக் குத்தியதும், அம்மியில் அரைத்ததும், கிணற்றில் தண்ணீர் இறைத்ததும் அந்தப் பெண்களே. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்தத் தலைமுறைப் பெண்களின் உடலுழைப்பும் ஏறக்குறைய அதே காலத்திலிருந்து படிப்படியாகக் குறைந்தது. சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

இரவில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறியவர்கள் நம்மில் ஏராளம். 1,21,077 பேரின் உணவை ஆராய்ந்து 2025-ல் வெளியான இந்திய ஆய்வு இவர்களுக்கு ஏமாற்றம் தரும். நம் சாப்பாட்டின் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தைச் சேர்த்தவர்களுக்கே ஆபத்து குறைந்திருந்தது. அதாவது, நான்கு இட்லிக்குப் பதில் நான்கு சப்பாத்தி என்பது மாற்றமே அல்ல. இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் என்றால் அது மாற்றம். கருப்பட்டிக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி நம் மாவட்டத்தின் பெருமை, மணம் நிறைந்தது. ஆனால் அதுவும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ள தாய்க்குக் கருப்பட்டிக் காப்பி ஒன்றும் செய்யாது என்று கொடுக்கும் பிள்ளைகள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள், ஆனால் தவறு செய்கிறார்கள்.

பெண்ணுக்கு மட்டும் ஏன் கூடுதல் சுமை

சர்க்கரை நோய் ஆண் பெண் இருவருக்கும் வருகிறது. ஆனால் அது வந்தபின் இதயத்தைத் தாக்குவதில் பெண்ணிடம் கூடுதல் கடுமை காட்டுகிறது. எட்டரை லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2014-ல் வந்த ஆய்வின்படி, சர்க்கரை நோயால் இதய நோய் வரும் ஆபத்து கூடுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 விழுக்காடு அதிகம். மாதவிடாய் நின்றபின் வயிற்றுக் கொழுப்பு கூடுவதும், இரத்த அழுத்தம் ஏறுவதும் சேர்ந்துகொள்கின்றன. அந்த வயதில் கூடும் உடல் கொழுப்பு மார்பகப் புற்றுக்கும் கருப்பைப் புற்றுக்கும் ஒரு காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் உறுதி செய்தது.

இதற்கெல்லாம் முன்பே ஒரு எச்சரிக்கை மணி அடிக்கிறது. அதைத்தான் நம் குடும்பங்கள் கேட்காமல் விடுகின்றன. பேறுகாலத்தில் வரும் சர்க்கரையைச் சொல்கிறோம். கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே ஆணை பிறப்பித்தது தமிழ்நாடு அரசு. அதற்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 140-ஐத் தொட்டால் பேறுகாலச் சர்க்கரை என்று கணக்கு. குழந்தை பிறந்ததும் பெரும்பாலோருக்கு அது இறங்கிவிடும். "அல்ஹம்துலில்லாஹ், சரியாயிடுச்சு" என்று குடும்பமே மறந்துவிடும். ஆனால் அப்படி ஒருமுறை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2009-ல் வந்த ஆய்வு சொன்னது. குழந்தை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மீண்டும் சோதிக்க வேண்டும். அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் மஹல்லாவில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? நாற்பது முடிந்து தலைக்குக் குளித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிறார்கள். அதே மருத்துவமனையில் தாய்க்கு ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. பேறுகாலச் சர்க்கரை கண்ட 4,413 செவிலியர்களைப் பற்றிய ஆய்வு 2012-ல் வெளியானது. பிற்காலத்தில் நல்ல உணவு முறையைத் தொடர்ந்து கடைப்பிடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து, அந்த முறையின் வகையைப் பொறுத்து, 40 முதல் 57 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. தாய்ப்பால் கொடுப்பதும் தாயைக் காக்கிறது. பால் கொடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் தாயின் ஆபத்து சுமார் 15 விழுக்காடு குறைந்ததாக 2005-ல் கண்டார்கள். பேறுகாலச் சர்க்கரை கண்ட தாய்மார்களிடம் அந்த ஆய்வில் இப்பலன் தெரியவில்லை. ஆனால் 2015-ல் கலிஃபோர்னியாவில் அத்தகைய தாய்மார்களையே தனியாகக் கவனித்தபோது, அதிகமாகவும் நீண்ட நாளும் பால் கொடுத்தவர்களுக்கு நோய் குறைவாகவே வந்தது. இரண்டாண்டுப் பாலூட்டல் பற்றி அல்பகரா அத்தியாயத்தில் வருவதைக் குழந்தையின் உரிமை என்று மட்டுமே நாம் பயான் செய்து வந்தோம். இனி தாயின் நலனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளை பெற்ற வீட்டுச் சாப்பாடு இங்கே கவனத்துக்குரியது. நெய், கருப்பட்டி, பேறுகால லேகியம், மூன்று வேளைச் சோறு, படுக்கை. குத்திப் புடைத்து வளர்ந்த உடலுக்கு அது நாற்பது நாள் ஓய்வும் ஊட்டமும் தந்தது. அலுவலக நாற்காலியிலிருந்து பேறுகாலத்துக்கு வந்து, எட்டு மாதத்தில் பதினைந்து கிலோ கூடிய மகளுக்கு அதே அளவு தேவையா என்று உம்மாமார்கள் யோசிக்க வேண்டும். பூண்டு, மீன் குழம்பு, முட்டை, முருங்கைக் கீரை எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். குறைக்க வேண்டியது இனிப்பையும் நெய்யையும்.

காயல்பட்டினத்தில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. கல்யாணத்துக்குப் பின் மகள் தாய்வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வருவதும் அவ்வூர் வழக்கம். பாட்டி, தாய், மகள் மூவரும் ஒரே அடுப்படி. வீடு பெண்வழியில் செல்வதுபோல் கைப்பக்குவமும் பெண்வழியில் செல்கிறது, அதோடு உப்பின் அளவும் சர்க்கரையின் அளவும் செல்கின்றன. ஒருவகையில் இது நன்மையே. மாமியார் வீட்டில் புதிதாக எதையும் மாற்றத் தயங்கும் பெண், தன் உம்மாவின் அடுப்படியில் துணிந்து மாற்றலாம்.

பெண்கள் சாப்பிடும் வரிசையையும் சொல்லாமல் விட முடியாது. ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டபின் மிஞ்சியதே அவர்களுக்கு. மீனும் கறியும் கூட்டும் தீர்ந்திருக்கும், சட்டியில் இருப்பது சோறும் ஆணமும். "வீணாகக் கூடாதே" என்று பிள்ளையின் தட்டில் இருப்பதையும் சேர்த்து உண்பார்கள். விரயம் கூடாது என்பது சரி. அதற்கு வழி குறைவாகச் சமைப்பது. தாயின் வயிற்றைக் கொள்கலனாக்குவது அதற்கு வழியல்ல. பரிமாறும்போதே அவர்களுக்கு மீன் துண்டும் காயும் தனியாக எடுத்து வைப்பது ஆண்களால் ஆகாத காரியமா என்ன? வீட்டு வேலைகளில் உதவுவது சுன்னத் என்று மேடையில் பேசும் நாமும் இதில் குறையுள்ளவர்களே.

மீன், கறி, உப்பு, தேநீர்

நம் கடற்கரைக்கு அல்லாஹ் கொடுத்த பெரும் நிஃமத் மீன். அதிலும் சாளை, சூடை, அயிலை, நெத்திலி போன்ற சிறுமீன்களின் எண்ணெய் இதயத்துக்கு நல்லது. சீலாவும் விளைமீனும்தான் விருந்தாளிக்கு மதிப்பு என்று நினைத்துச் சாளையை ஏழையின் மீனாக்கிவிட்டோம். 84,136 செவிலியர்களைப் பற்றிய 2010-ஆம் ஆண்டு ஆய்வில், தினமும் ஒரு பங்கு சிவப்பு இறைச்சிக்குப் பதில் மீன் உண்டால் இதய நோய் ஆபத்து 24 விழுக்காடும், கோழி என்றால் 19 விழுக்காடும், கொட்டைப் பருப்புகள் என்றால் 30 விழுக்காடும் குறையும் என்று கணக்கிட்டார்கள். களறிக் கறியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரே சஹனில் சேர்ந்து உண்ணும் அந்த விருந்து நம் உறவின் அடையாளம். விருந்துக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் தூக்குச்சட்டியில் வந்த கறியைச் சுடவைத்து உண்பதும், வெள்ளிக்கிழமை என்றாலே கறி என்பதும்தான் அன்றாடப் பழக்கமாகின்றன.

மீனைப் பொரிப்பதைவிட ஆணமாக வைப்பது நல்லது. பொரித்த எண்ணெயை மூன்றாம் நாளும் பயன்படுத்துவது கடைக்காரருக்கு மட்டும் தடை செய்யப்பட்ட காரியம் என்று எண்ண வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலத்தில் மீன் விலை ஏறும், வீடுகளில் கருவாடு இறங்கும். அப்போது உப்பும் கூடவே வருகிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் நான்கும் ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் அந்த அளவு மதியத்திலேயே தாண்டிவிடும். உப்பளங்களின் ஊரில் உப்பைக் குறைக்கச் சொல்வது சிரிப்பாக இருக்கலாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தேநீரும் சர்பத்தும் கணக்கில் வருவதே இல்லை. இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு நான்கு தேநீர் என்றால் 32 முதல் 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவதே மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. 91,249 இளவயதுச் செவிலியர்களைக் கவனித்து 2004-ல் வந்த ஆய்வில், தினமும் ஒரு இனிப்புப் பானமாவது குடித்தவர்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிடச் சர்க்கரை நோய் வாய்ப்பு 83 விழுக்காடு அதிகம். விருந்தாளிக்குக் கலர் ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை ஒரு வீடு நிறுத்தினால் தெருவே நிறுத்தும். முதலில் நிறுத்தும் வீட்டைக் கஞ்சம் என்பார்கள், அதைச் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரமளானில்

நோன்பு உடலுக்கு நல்லது என்று பயான் செய்கிறோம். இஃப்தாரில் கஞ்சியோடு வடை, சமோசா, ரோஸ் மில்க், பிறகு தராவீஹ் முடிந்து பரோட்டா என்றால் அந்த நன்மை எங்கே தங்கும்? பள்ளிவாசல் கஞ்சியில் பருப்பும் காயும் கூடுதலாகப் போட ஜமாஅத் நிர்வாகிகள் முடிவெடுத்தால், ஒரே நாளில் ஊர் முழுவதற்கும் நன்மை சேரும்.

சர்க்கரை உள்ள பெண்கள் நோன்புக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல், மார்க்கமும் அதற்கு அனுமதி தந்திருக்கிறது. பிறகு களாச் செய்யலாம், நிரந்தர நோயாளியாக இருந்தால் ஃபித்யா இருக்கிறது. "வீட்டில் எல்லாரும் வைக்கும்போது நான் மட்டும் எப்படி" என்று மறைத்து வைத்து மயங்கி விழுந்த தாய்மார்கள் உண்டு. அந்த வெட்கத்தைப் போக்க வேண்டியது ஆலிம்களாகிய நம் கடமை. வயிற்றை மூன்றாகப் பிரிக்கும் நபிமொழியை மற்ற மாதங்களில் சொல்வதைவிட இந்த மாதத்தில் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது

தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு மீன் அல்லது பயறு, கால் பங்கு மட்டும் சோறு. அளவு சொல்லச் சொன்னால் இதுவே எளிய வழி. கத்திரிக்காய், புடலை, அவரை, முருங்கை, தட்டப்பயறு, மொச்சை எல்லாம் சந்தையில் கிடைப்பவைதான். ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முதலில் காயையும் மீனையும் உண்டு, கடைசியில் சோற்றுக்கு வருவதும் நல்ல பழக்கம். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். தெருவில் நடக்கக் கூச்சப்படும் பெண்களுக்கு மாடி இருக்கிறது, காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே உள்ள முடுக்குகள் இருக்கின்றன.

இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் நாட்டுப் பெண்ணுக்கு அது எச்சரிக்கை. வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குள்ளும், மூன்று மாதச் சராசரி 5.7-க்குள்ளும் இருக்க வேண்டும். முப்பது வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். வரும் சுகாதாரப் பணியாளர்கள் பெண்கள் என்பதால் தயங்க வேண்டியதில்லை.

இத்தா இருக்கும் சகோதரிகளின் வீடுகளிலிருந்து நமக்கு அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. நான்கு மாதம் பத்து நாளும் பரிசோதனைக்குப் போகக் கூடாதா, மருந்து முடிந்தால் என்ன செய்வது என்று. சிகிச்சைக்காக வெளியே செல்வது அவசியத் தேவை, அதற்கு அனுமதி உண்டு. வீட்டுக்குள் நடக்கவும் தடையில்லை. துக்கம் கேட்க வருபவர்கள் கொண்டுவரும் இனிப்பையும் பிஸ்கட்டையும் அந்தச் சகோதரியின் அறையில் வைக்காமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வைத்து, அன்றைக்கு ஆட்டோ ஏற்பாடு செய்துகொடுங்கள்.